ஜம்புலிங்கம் வீட்டு வைஃபையும் ஒச்சம்மாவின் கைகளும்

அந்தமானில் எங்கள் பத்துபஸ்தி சந்தில் ஒச்சம்மாவை மிஞ்சிப் பேச ஆள் கிடையாது. பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது, வாய் பேச வராது. அதனால் என்ன? தையல் மெஷினில் கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே, துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஊர் நியாயம் முழுவதையும் பேசி முடித்துவிடுவாள். தலைக்குமேல் விமானம் இறங்கும்போது நாங்களெல்லாம் பாதிப் பேச்சில் வாயைத் திறந்தபடி, அது போகட்டும் என்று நிற்போம். அவள் மட்டும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பாள். அப்போது அவள் முகத்தில் ஒரு நக்கல் சிரிப்பு வரும். எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

சந்தில் எல்லாருக்கும் அவள் ஒரு கையடையாளம் வைத்திருக்கிறாள். வயிற்றுக்கு முன்னால் காற்றில் ஒரு பானை வரைந்தால் அது காண்ட்ராக்டர் ஜம்புலிங்கம். தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டால் மளிகைக்கடை சம்சாத். உள்ளங்கையில் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து குத்தினால் அது நான். கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து முத்திரை குத்தியே ரிடையர் ஆனவள், வசந்தகுமாரி. குத்தும்போது ஒச்சம்மா முகத்தையும் கடுகடுவென்று வைத்துக்கொள்வாள். கவுண்டரில் நான் அப்படித்தான் இருந்தேனாம். இருக்கிற சீட்டு கொஞ்சம், வரிசையில் நிற்கிற ஜனம் தெருக்கோடி வரைக்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு இளிக்கவா முடியும்?

இந்தக் கைப்பேச்சு பள்ளிக்கூடத்தில் கற்றது இல்லை. ஒச்சம்மாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அவளுக்குப் பின்னால் பிறந்த தங்கை மங்கையர்க்கரசிக்கும் காது கேட்காது. படிக்க வைத்து என்ன ஆகப்போகிறது என்று இரண்டு பேரையும் ஆட்டுக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். ஆடு மேய்த்த இடத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு சிறுமிகளும் தங்களுக்கென்று ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். மழைக்கு ஒரு கை, மாமாவுக்கு ஒரு கை, பொய்க்கு ஒரு கை, பொய் என்று தெரிந்தும் நம்புவதற்கு இன்னொரு கை. உலகத்தில் இரண்டே பேர் பேசுகிற மொழி. அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நானெல்லாம் தமிழ், இந்தி, அரைகுறை பெங்காலி என்று மூன்று மொழி பேசுகிறேன். ஒன்றும் நான் உண்டாக்கியது இல்லை.

கல்யாணமாகி அக்காள் கடல் தாண்டி வந்தாள். புருஷன் பொன்னுத்துரைக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் வேலை. "வீட்டுக்கு ஒரு வாயாடி போதும்னுதான் இவளைக் கட்டினேன்" என்று சொல்லிக்கொண்டு திரிவான். நல்ல மனுஷன்தான், ஆனால் தீவுகளின் தெற்குக் கோடியில் இருக்கிற கேம்பல் பே பக்கம் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அவளுடைய மொழியில் அவன் கற்றுக்கொண்டது சாப்பாடு, தூக்கம், சண்டை, சம்பளம், அவ்வளவுதான். அவர்கள் மகள் உமா மகேஸ்வரிக்குக் காது நன்றாகக் கேட்கும். அம்மாவின் மொழியைத் தாய்ப்பாலோடு குடித்த ஒரே பிள்ளை அவள். இப்போது அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

அந்தமானுக்கு மங்கை வைத்த அடையாளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கை கப்பலாகி அப்படியும் இப்படியும் ஆடும், பிறகு வாந்தி. முதல் தடவை ஒச்சம்மா ஊருக்குப் போய்க் கப்பல் கதை சொன்னதிலிருந்து எங்கள் தீவுக்கு அதுதான் பெயர். சில வருஷத்துக்கு ஒரு தடவை அவள் மெயின்லேண்டுக்கு டிக்கெட் கேட்டு என் கவுண்டருக்கு வருவாள். ஊருக்குப் போனால்தான் அவளுக்கு முழுப் பேச்சு. மற்ற நாளெல்லாம் எங்களோடு அவள் பேசியது குழந்தைகளிடம் பேசுவது போலச் சுருக்கிய பேச்சு என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

கடிதம் எழுத இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. ஃபோன் வந்தது, அது காது உள்ளவர்களுக்கு. பிறகு ஸ்மார்ட்ஃபோன் வந்தது. அப்போது எங்கள் தீவுக்கு இன்டர்நெட் ஆகாயத்திலிருந்து சாட்டிலைட் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்த காலம். சென்னைக்குப் போய்வருகிறவர்கள் பென் டிரைவில் படங்களை நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஃபோனில் ஏதாவது அப்டேட் போடவேண்டுமென்றால்கூட மெயின்லேண்டுக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நான் அளக்கிறேன் என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் சந்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டுப் பிள்ளைக்காவது பரீட்சை ரிசல்ட் பார்க்க வேண்டியிருக்கும், பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே அந்த வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, "நெட் பந்த் கரோ!" என்று ஒரு கத்துக் கத்துவாள். பெங்காலி வாத்தியார் வீடு, தெலுங்குக்காரர் வீடு, சம்சாத் கடை, எல்லாரும் மறுபேச்சில்லாமல் அவரவர் ஃபோனில் நெட்டை அணைத்துவிடுவோம். நாங்கள் விட்டுக்கொடுத்த நெட் அந்த வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்று எங்களுக்கு நம்பிக்கை. போனதோ இல்லையோ, ரிசல்ட் திறந்துவிடும். பாஸ் என்றால் சந்து முழுவதும் மிட்டாய்.

அப்படிச் சந்தே நெட்டை அணைத்துக் கொடுத்தும் ஒச்சம்மாவுக்கு மட்டும் வேலைக்கு ஆகவில்லை. வீடியோவில் தங்கை கலர் கலரான கட்டங்களாகத்தான் வந்தாள். தூக்கிய கை பாதியில் நின்றுவிடும். அடுத்து அசையும்போது வேறெங்கோ இருக்கும். காது உள்ளவர்கள் படத்தை அணைத்துவிட்டுக் குரலில் பேசிக்கொள்ளலாம். இவள் எதை அணைப்பாள்? ஒரு நாள் அந்தக் கட்டங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மெஷினை மிதிக்கப் போய்விட்டாள்.

ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்தத் தொற்றுநோய் வருஷத்தில்தான் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்து சேர்ந்தது. எங்கள் சந்தில் முதலில் இணைப்பு வாங்கியது ஜம்புலிங்கம். அவரிடம் ஆயிரம் குறை சொல்லலாம், கஞ்சத்தனம் மட்டும் கிடையாது. வைஃபை பெட்டியைச் சந்துப் பக்கத்து ஜன்னலில் வைத்து, பாஸ்வேர்டை எல்லாருக்கும் கொடுத்தார். பாஸ்வேர்டு அவருடைய பெயர்தான். சந்தில் எல்லாரும் தினமும் தன் பெயரை எழுத வேண்டும் என்ற ஆசையாக இருக்கலாம்.

அந்த ஜன்னலுக்கு எதிர்வீடு ஒச்சம்மாவுடையது. உமா அம்மாவின் ஃபோனில் வைஃபையைப் போட்டுவிட்டுச் சித்திக்குக் கூப்பிட்டாள். நான் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். திரையில் மங்கை வந்தாள். கட்டங்கள் இல்லை, சுற்றவில்லை. அச்சு அசலாக ஒரு பொம்பளை, மூக்குத்தி தெரிகிறது, நெற்றியில் வேர்வை தெரிகிறது. கையைத் தூக்கினாள். அந்தக் கை பாதியில் நிற்கவில்லை. போக வேண்டிய இடம் வரை போய், முடித்து, இறங்கியது.

ஒச்சம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு வேகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. விரலும் புருவமும் தோளும் எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. அறையில் சத்தமே இல்லை, வளையல் சத்தம் மட்டும். உமா, "ஆண்ட்டி, என்னால ஃபாலோ பண்ணவே முடியல, ரொம்ப ஃபாஸ்ட்" என்று சிரித்தபடியே அழுதாள். நான் ஜாக்கெட் அளவுக்கு வந்தவள், கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். உசிலம்பட்டியில் ஒருத்தி கையைத் தூக்குகிறாள். அந்தக் கை ஏதோ ஒன்றாகக் கரைந்து, சென்னைக்கு ஓடி, கடலுக்கடியில் இறங்குகிறது. நான் டிக்கெட் கொடுத்து அனுப்பிய ஜனமெல்லாம் மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த அதே கடல். இந்தப் பக்கம் ஏறி, ஜம்புலிங்கம் ஜன்னலுக்கு வருகிறது. அங்கிருந்து கம்பிகூட இல்லாமல் காற்றில் சந்தைத் தாண்டி, ஒச்சம்மா முன்னால் மறுபடியும் கையாக நிற்கிறது. ஒரு விரல் குறையவில்லை. சாமி கும்பிடுகிற வழக்கம் எனக்கு அவ்வளவு கிடையாது. ஆனாலும் மறுநாள் அந்த ஜன்னலைத் தாண்டிப் போகும்போது, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

வைஃபைக்கு ஒச்சம்மா வைத்த பெயர் ஜன்னல். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துத் திறப்பாள். 'ஜன்னல் திறந்திருக்கா?' என்று காலையில் கேட்டுவிட்டுத்தான் மெஷினில் உட்காருவாள். தினமும் மத்தியானம் தங்கையோடு பேச்சு. ஃபோனுக்குத் தனியாக டேட்டா போடுவதையே விட்டுவிட்டாள். மங்கையின் புருஷன் செத்த வருஷம், பிள்ளை குட்டி இல்லாத அவள் தனியாகிப் போனபோது, அந்த ஒரு மாதம் முழுவதும் ஃபோனை மெஷின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டேதான் தைத்தாள். இவள் தைப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் படுத்துக்கிடப்பதை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசக்கூட இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மங்கையிடமிருந்து அழைப்பு வரவில்லை. இவள் கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஒச்சம்மா ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று ஜம்புலிங்கத்திடம் போய்ப் போய்க் கேட்டாள். திறந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது மங்கையின் ஃபோனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. திரையில் வந்தது ஒரு நர்ஸ். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. அவள் பெயர் விஜயலட்சுமியாம். உமா லீவில் வீட்டில் இருந்தது எங்கள் நல்ல காலம். அவள் கத்திக் கூப்பிட்டதும் நானும் சம்சாத்தும் கடையிலிருந்து ஒரு குடையில் ஓடினோம்.

"ஏம்மா, நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றாள் நர்ஸ். "நேத்து வயித்து வலின்னு பக்கத்து வீட்டு ஆளுக கொண்டாந்து சேத்துட்டுப் போயிட்டாங்க. குடல்வால் வீங்கி வெடிக்கிற மாதிரி இருக்கு. உடனே ஆபரேசன் பண்ணணும். ஆனா தியேட்டர் வண்டியப் பாத்ததுல இருந்து கட்டிலப் புடிச்ச புடி விட மாட்டேங்குறாங்க. ட்ரிப்ஸ புடுங்கிட்டாங்க. கை பாஷை தெரிஞ்ச ஒரு சாரையும் வரச்சொல்லிப் பாத்துட்டோம், அவரு பேசுறது இவங்களுக்குப் புரியல. ஃபோனத் தொறந்தா ஒரே ஆளுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க. அதான் கூப்புட்டேன். இன்னும் நேரம் கடத்துனா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்றாரு."

உமா பேச்சைக் கைக்கு மாற்றினாள். ஒச்சம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அன்றைக்குப் போகவேண்டிய விமானமெல்லாம் போயிருந்தது. கப்பல் என்றால் பேசவே வேண்டாம். பொன்னுத்துரை கேம்பல் பேயில். அந்த மொழி தெரிந்த இரண்டு பேர் கடலுக்கு இந்தப் பக்கம், இந்தச் சந்தில். சாகக் கிடக்கிறவள் அந்தப் பக்கம்.

நர்ஸ் ஃபோனை மங்கையின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். இரண்டு கையாலும் கட்டில் கம்பியை அணைத்துக்கொண்டு கிடந்தாள் மங்கை. அக்காளைப் பார்த்ததும் ஒரு கையை விட்டாள். அந்த ஒரு கையால் ஏதோ சொன்னாள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"என்னடி சொல்றா?" என்றேன்.

"பாட்டியக் கொண்டு போன மாதிரி என்னையக் கொண்டு போகப் போறாங்கன்னு சொல்றாங்க" என்றாள் உமா. "ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையா இருந்தப்போ இப்படித்தான் அவங்க பாட்டிய வண்டியில ஆபரேசனுக்குக் கொண்டு போனாங்களாம். இருங்க, வந்துர்றேன்னு கையக் காட்டிட்டுப் போனாங்களாம். திரும்பி வரவே இல்ல. ஏன் வரலன்னு இவங்க ரெண்டு பேருக்கும் யாருமே சொல்லல ஆண்ட்டி. சொல்லத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. ஒரு நாள் செவுத்துல போட்டோவும் மாலையும் இருந்துச்சாம், அவ்ளோதான்."

இத்தனை வருஷம் பக்கத்தில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. ஒச்சம்மா பதில் சொல்ல ஆரம்பித்தாள். மழை வலுத்தது. மழையினாலோ என்னவோ படம் ஒரு நொடி நின்று பிறகு அசைந்தது. அவ்வளவுதான், சம்சாத்துக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. வாசலுக்கு ஓடி, மழையையும் மீறி ஒரு கத்துக் கத்தினாள்.

"யா அல்லா! நெட் பந்த் கரோ! சப் லோக் நெட் பந்த் கரோ! ஒச்சம்மா தங்கச்சி சாகக் கிடக்குறா, எல்லாரும் நெட்டை நிறுத்துங்க!"

வருஷக்கணக்கில் கேட்காத கூப்பாடு. ஆனாலும் எங்கள் சந்தை என்ன சொல்ல! ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. பெங்காலி வாத்தியார் வீட்டில் டி.வி. நின்றது. தெலுங்குக்காரர் மகன் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டை அப்படியே அணைத்தான். ஜம்புலிங்கம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. வைஃபை பெட்டியின் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிட்டார்.

ஒச்சம்மாவின் கை காற்றில் இருந்தது. திரை போய்விட்டது.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. உமா திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். பிறகு எனக்கு மண்டையில் உறைத்தது. குடையை எடுக்கக்கூடத் தோன்றாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். ஜம்புலிங்கம் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய உதவி செய்துவிட்ட முகத்தோடு நின்றார்.

"முதல்ல நிறுத்துனது நான்தான் வசந்தாம்மா" என்றார்.

"யோவ்! அந்தப் பொட்டியிலதான்யா அவ பேசிட்டிருந்தா! மாட்டுய்யா முதல்ல!"

அந்த மனுஷன் அவசரத்தில் பிளக்கைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் குத்தினார், உள்ளே போகவில்லை. நான் பிடுங்கி மாட்டினேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது பச்சையாகக் கொஞ்ச நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, கவுண்டரில் உட்கார்ந்து புயலில் மாட்டிய கப்பலுக்குக் காத்திருந்த நாளில்கூட நான் அப்படித் தவித்தது இல்லை. பெங்காலி வாத்தியார், தெலுங்குக்காரர், அவர் சம்சாரம், எல்லாரும் நனைந்துகொண்டே வந்து ஜன்னலில் அந்த விளக்கைப் பார்த்து நின்றார்கள். சம்சாத் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நான்தான் கெடுத்துட்டேன், நான்தான் கெடுத்துட்டேன்." ஜம்புலிங்கம் அவளைச் சமாதானப்படுத்தக்கூட முடியாமல், தன் வயிற்றில் தானே அடித்துக்கொண்டார்.

பச்சை வந்தது. எதிர்வீட்டிலிருந்து உமா, "வந்துருச்சு!" என்று கத்தினாள். எல்லாரும் அந்த வாசலுக்கு ஓடினோம்.

ஆனால் அங்கே நிலைமை மாறியிருந்தது. பேசிக்கொண்டிருந்த அக்காள் பாதிப் பேச்சில் காணாமல் போனதும், மங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டாள். இரண்டு கையும் மறுபடி கம்பியில். நமக்கென்றால் கண்ணை மூடினாலும் காது இருக்கிறது. அவள் கண்ணை மூடிவிட்டால் அவளிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது. நர்ஸ் தோளைத் தட்டினாள், கன்னத்தைத் தடவினாள். மங்கை இன்னும் இறுக்கினாள்.

"கண்ணத் தொறக்கவே மாட்டேங்குறாங்களே, நான் என்ன செய்ய?" என்று விஜயலட்சுமி அழமாட்டாத குறையாகக் கேட்டாள்.

ஒச்சம்மா உமாவின் தோளை உலுக்கி ஏதோ சொன்னாள். உமா நர்ஸிடம், "சிஸ்டர், அவங்க நெத்தியில மெதுவா ஊதுங்க. நடு நெத்தியில. ரெண்டு பேரும் சின்ன வயசுல அப்படித்தான் எழுப்பிக்குவாங்களாம்" என்றாள்.

அந்த நர்ஸ் குனிந்து, குழந்தைக்கு ஊதுவது போல ஊதினாள். மங்கையின் இமை திறந்தது. ஒச்சம்மா பத்துபஸ்தியில் சொன்னாள், மதுரையில் ஒரு நெற்றியில் காற்றுப் பட்டது. நான் இதைக் கண்ணால் பார்த்தேன். இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

திறந்த கண்ணை மறுபடி மூடவிடாமல் பிடிக்க வேண்டும். ஒச்சம்மா வாசலில் நின்ற ஆண்களைப் பார்த்துக் கையை ஒரு வீசு வீசினாள். ஜம்புலிங்கம் உட்பட எல்லாரும் மழைக்குள் போய்விட்டார்கள். ஃபோனை உமாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்று, புடவைக் கொசுவத்தை இறக்கி, அடிவயிற்றைத் திறந்து காட்டினாள். தொப்புளுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. உமா பிறந்தபோது அறுத்தது. மங்கை அதைப் பார்த்ததே இல்லை.

ஒச்சம்மா தழும்பின்மேல் ஒரு விரலால் கோடு இழுத்தாள், வெட்டினார்கள். ஊசியால் தைத்துக் காட்டினாள், தைத்தார்கள். கண்ணை மூடிச் சாய்ந்தாள். பிறகு கண்ணைத் திறந்து, தன் மார்பில் தட்டி, இரண்டு காலாலும் தரையில் நின்று குதித்தாள். இதோ நான். அந்தப் பெரிய உடம்பு மழைக்கால மத்தியானத்தில், வயிறு தெரிய, குதித்துக்கொண்டே இருந்தது. இதோ நான், இதோ நான். உமா ஃபோனைப் பிடித்த கை ஆடாமல் இருக்க மறு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

மங்கை வெகுநேரம் அந்தத் தழும்பைப் பார்த்தாள். விரலை நீட்டித் திரையைத் தொட்டாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"முழிச்சுப் பாக்கும்போது நீ இருப்பியான்னு கேக்குறாங்க" என்றாள் உமா.

ஒச்சம்மா இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துத் திறந்தாள். ஜன்னல் திறந்தே இருக்கும். மங்கை கம்பியை விட்டாள்.

சாயங்காலம் விஜயலட்சுமி கூப்பிட்டு, நல்லபடியாக முடிந்தது என்றாள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெடிச்சிருக்கும்" என்றாள். சந்து முழுவதும் நின்று கேட்டது. ஜம்புலிங்கம் வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதன் பிளக்கை யாரும் தொடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் ஃபேன் போடக்கூட அந்தப் பக்கம் கையை நீட்ட முடியவில்லை.

மறுநாள் காலையில் மங்கையே அழைத்தாள். உமா கடைக்குப் போகவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன். "கண்ணு முழிச்சதுல இருந்து ஃபோனத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க" என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே ஃபோனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். மங்கை களைத்துக் கிடந்தாள். கை மெல்ல மெல்லத்தான் எழுந்தது. ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் திட்டினாள். ஒச்சம்மா சிரித்தாள். மங்கை பக்கத்துப் படுக்கைக்காரியின் குறட்டையை நடித்துக் காட்டினாள். குறட்டை என்று ஒன்று உண்டு என்று அந்தப் படுக்கை அதிர்வதை வைத்து எப்படித்தான் கண்டுபிடித்தாளோ!

பிறகு மங்கை ஒரு கேள்வி கேட்டாள். ஒச்சம்மா தைத்து வைத்திருந்த ரவிக்கையை எடுத்து மடித்தாள். மங்கை மறுபடியும் அதையே கேட்டாள். உமா மொழிபெயர்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி கேக்குறா?" என்றேன்.

"உன்னைய அறுக்குறப்போ, நீ முழிச்சு எந்திரிச்சிருவேன்னு உனக்கு யாரு சொன்னான்னு கேக்குறாங்க ஆண்ட்டி."

உமா பிறந்த அன்றைக்கும் பொன்னுத்துரை கப்பலில்தான் இருந்தான். ஆஸ்பத்திரியில் அவளுடைய கை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தள்ளுவண்டியில் ஏற மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, தன் காலாலேயே நடந்து அவள் உள்ளே போனாள் என்று சந்தில் எல்லாரும் பெருமையாகச் சொல்லுவோம். பயமே கிடையாது அவளுக்கு என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒச்சம்மா ரவிக்கையைக் கீழே வைத்தாள். வலது கையை விரித்து வெறுங்கையாகக் காட்டினாள். பிறகு இன்னும் கொஞ்சம் சொன்னாள். நிதானமாக, சின்னதாக, மடிக்குள்ளேயே சொன்னாள்.

உமா என் பக்கம் திரும்பினாள். நான் அவள் முதுகைத் தடவினேன்.

"யாரும் சொல்லலையாம்" என்றாள். "உள்ள போனா வெளிய வரமாட்டோம்னு நெனச்சுக்கிட்டேதான் போனாங்களாம். புள்ள மட்டும் வந்தாப் போதும்னு..."

திரை இருட்டானது. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. மங்கை தன் உள்ளங்கையைத் திரையின்மேல் வைத்திருந்தாள். விரலிடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. ஒச்சம்மா ஃபோனை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். நாமெல்லாம் ஃபோனை வைத்துக்கொள்கிற இடத்தில் அவள் அதை வைத்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். வெகுநேரம் அவள் அதை எடுக்கவில்லை.